சாய்கோணமும் ஒளியளவும்: சட்டமிட்ட ஒளிப்படத்தைச் சுவரில் காட்டும் முறை

நிலைநிறுத்தும் கரைசலில் தோய்த்து எடுத்ததும் ஒளிப்படத் தாள் புதிய உருவத்தைப் பதிவுசெய்யும் ஆற்றலை இழந்துவிடுகிறது; ஒளியால் பாதிக்கப்படும் இயல்பை மட்டும் அது இழப்பதில்லை. வெள்ளித் துகள்களைப் பிணைத்து நிறுத்தும் ஜெலட்டின், வண்ணப் படத்தின் சாயங்கள், அவற்றைத் தாங்கும் தாள், தாளுக்கு வெண்மை கூட்டச் சேர்க்கப்படும் பொருள்கள் ஆகிய அனைத்தும் தம்மீது விழும் ஒளியோடும் சூழ்ந்துள்ள ஈரத்தோடும் தொடர்ந்து வினைபுரிந்துகொண்டே இருக்கின்றன. ஆகவே ஒரு படத்தைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டி விளக்கொளியில் காட்டுவது என்பது அதன் ஆயுளில் ஒரு பகுதியைச் செலவிடுவதாகும். அந்தச் செலவைக் குறைத்துக்கொண்டே பார்வையாளர் பெறுவதைக் கூட்டுவது எப்படி என்பதே காட்சிக்கூடத்தின் அடிப்படைக் கேள்வி. அதற்கான விடையில் அழகுணர்ச்சிக்கு இருக்கும் பங்கைவிட வடிவக் கணிதத்துக்கும் வேதியியலுக்கும் இருக்கும் பங்கு பெரிது.

தமிழ்நாட்டில் இக்கேள்விக்கு ஏறத்தாழ ஒளிப்படக் கலையின் வயதே ஆகிறது. 1855-இல் சென்னையில் நடந்த பொருட்காட்சியில், சென்னைப் படைப்பிரிவின் அலுவலரான லின்னேயஸ் டிரைப், முந்தைய ஆண்டின் இறுதியில் பேலூர், ஹளேபீடு கோயில்களில் எடுத்த 68 படங்களைக் காட்சிக்கு வைத்தார். நடுவர்களின் பாராட்டும் அவற்றுக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டில், சென்னைக் கலைப்பள்ளியை 1850-இல் தொடங்கிய மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டரின் முயற்சியோடு சென்னை ஒளிப்படச் சங்கம் உருவாயிற்று. பின்னர் மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக அமர்த்தப்பட்ட டிரைப், திருவரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் எனச் சுற்றிவந்து, 1858-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளைத் தனித்தனிப் படிகளாக எடுத்து, அவற்றை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக்கினார். மெழுகூட்டிய தாளை எதிர்ப்படிமமாகக் கொண்டு, உப்பும் வெள்ளி நைட்ரேட்டும் ஊட்டிய தாளில் வெயிலின் உதவியால் எடுக்கப்பட்ட இத்தகைய படிகள், இன்று அருங்காட்சியகங்கள் மிகுந்த தயக்கத்தோடு வெளிச்சத்துக்குக் கொண்டுவரும் பொருள்களின் வரிசையில் உள்ளன.

கல்லெழுத்தைப் படமாக்குவதில் ஒரு முரண் உண்டு. இந்த அத்தியாயம் முழுவதற்கும் அது பயன்படும். உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகள் ஊர்ச்சபை உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கூறுபவை. அவற்றை நேர் எதிரே நின்று, நேர் எதிரிலிருந்து வரும் ஒளியில் பார்த்தால் எழுத்து கல்லோடு கலந்து மங்கிவிடும். ஒளி சுவரை உரசிச் செல்வதுபோலப் பக்கவாட்டிலிருந்து விழும்போதுதான் ஒவ்வொரு கீறலின் ஓரத்திலும் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். கல்வெட்டாய்வாளர் மைப்படி எடுப்பதற்கு முன் கைவிளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் படித்துப் பார்ப்பது இதனால்தான். ஆனால் அப்படி எடுத்த ஒளிப்படத்தை அச்சிட்டுச் சுவரில் மாட்டிய பிறகு, அதே உரசும் ஒளி அதற்குப் பகையாகிவிடுகிறது. தாளின் நெளிவு, சட்டத்தின் நிழல், கண்ணாடியின் தூசி ஆகியவற்றையே அது எழுப்பிக் காட்டும்.

காஞ்சிபுரம் மாவட்டத்து ஊர்ப்புறத்தில், ஏனாத்தூரில், அந்தக் கல்வெட்டுகளின் படங்கள் இருபதைச் சட்டமிட்டு ஒரு பள்ளி மண்டபத்தில் காட்சிக்கு வைப்பதாகக் கொள்ளலாம். மண்டபத்தின் கூரை உயரம் 11 அடி, அதாவது ஏறத்தாழ 3.3 மீட்டர்; செங்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, இருபுறமும் சன்னல், குளிர்சாதனம் இல்லை. பெருநகரக் கூடங்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட வழிகாட்டிகளில் எது இங்குப் பொருந்தும், எது பொருந்தாது என்பதைப் பார்ப்பதற்கு இத்தகைய மண்டபமே ஏற்றது.

எடையும் கம்பியின் கோணமும்

சட்டமிட்ட படத்தின் எடையில் பெரும்பங்கு கண்ணாடிக்கு உரியது. ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள 2 மில்லிமீட்டர் கண்ணாடி 5 கிலோ எடையுள்ளது. 3 மில்லிமீட்டர் ஆனால் 7.5 கிலோ. 60 சென்டிமீட்டர் உயரமும் 80 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட படத்துக்கு 3 மில்லிமீட்டர் கண்ணாடி போட்டால் அதுமட்டுமே 3.6 கிலோ, மரச்சட்டம், மவுண்ட் அட்டை, பின்பலகை ஆகியவற்றைச் சேர்த்தால் 6 கிலோவை நெருங்கும். அக்ரிலிக் தகட்டின் எடை கண்ணாடியில் பாதிக்கும் குறைவு. ஆயினும் அது எளிதில் கீறல் விழும், துடைத்தால் நிலைமின்னேற்றம் பெற்றுத் தூசியை இழுக்கும்.

சட்டத்தின் பின்புறம் இரு பக்கமும் வளையம் பொருத்தி, இடையே கம்பி கட்டி, அதன் நடுவை ஆணியில் மாட்டுவது பொதுவான வழக்கம். கம்பி தொய்ந்தால் படம் தாழ்ந்துவிடும் என்று கருதி அதை இறுக்கமாகக் கட்டுவதும் வழக்கம். பலர் அறியாமல் செய்யும் பிழை இதுவே. கம்பியின் இரு பாதிகளும் கிடைமட்டத்தோடு அமைக்கும் கோணம் குறையக் குறைய, ஒவ்வொரு பாதியும் தாங்க வேண்டிய இழுவிசை பெருகுகிறது. எடையை அக்கோணத்தின் சைன் மதிப்பின் இருமடங்கால் வகுத்தால் இழுவிசை கிடைக்கும். 6 கிலோ படத்துக்குக் கம்பி 60 பாகைக் கோணத்தில் இருந்தால் ஒவ்வொரு பாதியிலும் சுமார் 3.5 கிலோ எடைக்குச் சமமான இழுவிசை இருக்கும். 30 பாகையில் அது 6 கிலோ ஆகிறது. 10 பாகையில் 17 கிலோவைத் தாண்டுகிறது. ஏறத்தாழ நேர்க்கோடாக, 5 பாகையில் கட்டினால் 34 கிலோவை எட்டுகிறது. இந்த விசையின் பெரும்பகுதி பக்கச்சட்டங்களை உள்நோக்கி இழுப்பதால், சில மாதங்களில் மூலை இணைப்புகள் பிளவுபடும். ஆகவே ஒற்றை ஆணியைவிட, இடைவெளிவிட்ட இரண்டு கொக்கிகளில் வளையங்களை நேரடியாக மாட்டுவது நல்லது. அப்படிச் செய்தால் படம் ஊசல்போல ஆடிச் சாய்வதும் இல்லை, கதவு அடித்துச் சாத்தப்படும் ஒவ்வொரு முறையும் அதை நேராக்க வேண்டியதும் இல்லை.

சுவரில் ஆணி நிற்குமா என்பது தனிக் கேள்வி. சுண்ணாம்புப் பூச்சு மென்மையானது. பூச்சில் மட்டும் இறங்கிய ஆணி எடை ஏறியதும் பூச்சோடு பெயர்ந்து வந்துவிடும். பூச்சைக் கடந்து செங்கல்லுக்குள் துளையிட்டு, அதில் பிளக் செருகி, அந்த பிளக்கினுள் திருகாணியை முடுக்கினால், திருகாணி உள்ளே செல்லச் செல்ல பிளக் விரிந்து துளையின் சுவரை அழுத்துகிறது. அந்த அழுத்தத்தால் எழும் உராய்வே எடையைத் தாங்குகிறது. இந்த எளிய பொருளும் ஓர் அருங்காட்சியகத் தேவையிலிருந்து பிறந்ததே: 1910-களின் தொடக்கத்தில் இலண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகச் சுவர்களில் மின்பொருத்துகளைச் சுவர் சிதையாமல் பொருத்த வேண்டியிருந்த ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்ற ஒப்பந்தக்காரர் அதை உருவாக்கினார், முதல் பிளக்குகள் சணல் நாரால் ஆனவை. பழங்கட்டடங்களில் ஆணியே அடிக்கக் கூடாது என்ற விதி இருந்தால், தரையில் தனித்து நிற்கும் பலகைத் தடுப்புகளோ, கூரையோரத்தில் பொருத்திய கம்பியிலிருந்து இறங்கும் தொங்குவடங்களோதான் வழி.

கண்மட்டம்

படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 முதல் 152 சென்டிமீட்டர் உயரத்தில், அதாவது 57 முதல் 60 அங்குலத்தில் இருக்க வேண்டும் என்பது உலகின் பல கூடங்கள் பின்பற்றும் மரபு. இந்தியாவில் ஆண்களின் சராசரி உயரம் ஏறத்தாழ 165 சென்டிமீட்டர், பெண்களுடையது ஏறத்தாழ 152. கண் உச்சந்தலைக்குச் சுமார் 11 சென்டிமீட்டர் கீழே இருப்பதால், இருவரின் கண்மட்டச் சராசரி 147-இல் வந்து நிற்கிறது. எனவே அந்த மரபின் தாழ்ந்த எல்லையே இங்குப் பொருந்தும்; பார்வையாளருள் பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள் என்றால் 135-க்கு இறக்கினாலும் தவறில்லை, பெரியவர்கள் சற்றே தலைதாழ்த்திப் பார்ப்பதால் எதுவும் குறைந்துவிடாது.

நடுக்கோட்டைச் சுவரின் நீளம் முழுவதும் ஒரே மட்டத்தில் குறிப்பதற்குக் கொத்தனாரின் கருவிகளே போதும்: டியூப் மட்டத்தால் இரு முனைகளையும் குறித்து, நூல் பிடித்து, ஒவ்வொரு படத்தையும் ரசமட்டத்தால் சரிபார்க்கலாம். கொக்கியின் உயரத்தைக் கணக்கிடுவதில்தான் பிழை நேர்கிறது. நடுக்கோட்டு உயரத்தோடு சட்டத்தின் பாதி உயரத்தைக் கூட்டி, மாட்டும் புள்ளி சட்டத்தின் மேல்விளிம்பிலிருந்து எவ்வளவு கீழே உள்ளதோ அதைக் கழிக்க வேண்டும். 60 சென்டிமீட்டர் உயரச் சட்டத்தில் வளையம் மேல்விளிம்புக்கு 8 சென்டிமீட்டர் கீழே இருந்தால், 145 கூட்டல் 30 கழித்தல் 8, அதாவது 167 சென்டிமீட்டரில் கொக்கி அமைய வேண்டும். சட்டங்கள் வெவ்வேறு அளவில் இருந்தாலும் இக்கணக்கு அவற்றின் நடுப்புள்ளிகளை ஒரே கோட்டில் நிறுத்தும்.

இந்தக் கண்மட்ட மரபுக்கு நேர்மாறான ஒரு வழக்கம் தமிழ்நாட்டு வீடுகளில் நீண்டகாலம் இருந்தது. ஸ்டூடியோவில் எடுத்த குடும்பப் படங்களும் தெய்வப் படங்களும் நிலைக்கதவுக்கு மேலே, கூரையை ஒட்டிய உயரத்தில் வரிசையாக மாட்டப்பட்டன. ஒவ்வொன்றின் அடிப்புறமும் ஆணிகளின்மீதோ மரச்சட்டத்தின்மீதோ நிற்க, மேற்புறம் கயிற்றால் கட்டப்பட்டு முன்னோக்கிச் சாய்ந்திருந்தது. அதை அறியாமை என்று ஒதுக்குவது சரியன்று. படத்தின் நடு 250 சென்டிமீட்டரிலும், பார்ப்பவர் கண் 150 சென்டிமீட்டரிலும், இடைப்பட்ட தொலைவு 2 மீட்டராகவும் இருந்தால், பார்வை சுமார் 27 பாகை மேல்நோக்கிச் செல்கிறது. படமும் அதே அளவு முன்சாய்ந்தால் பார்வைக்கு நேர்ச்செங்குத்தாக அமைந்து, உருவம் குறுகித் தோன்றாது. அத்தோடு முன்சாய்ந்த கண்ணாடி, முற்றத்தின் பளிச்சிடும் வானத்தைவிட்டு, கீழே உள்ள இருண்ட தரையையே பிரதிபலிக்கிறது; தூசியும் அதன்மீது தங்குவது குறைவு. சட்டத்துக்கும் சுவருக்கும் இடையில் ஆப்பு வடிவில் விழும் காற்றிடைவெளி சுவரின் ஈரம் படத்தை எட்டாமல் தடுத்தது. அந்த இடைவெளியில் சிட்டுக்குருவிகள் கூடு கட்டியது, ஒளிப்படப் பாதுகாப்பு நோக்கில் ஏற்கத்தக்கதன்று என்றாலும், வீட்டார் எவரும் அதற்காகப் படத்தைச் சுவரோடு ஒட்டி மாட்டியதில்லை.

விளக்கின் இடம்

கண்ணாடி இட்ட படம் ஒரு படமாக மட்டுமன்றி, மங்கலான முகம் பார்க்கும் கண்ணாடியாகவும் இருக்கிறது. சாதாரணக் கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் நேராக விழும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது. முன்பரப்பு, பின்பரப்பு இரண்டும் சேர்ந்து 8 விழுக்காடு. வெண்மையான தாளுக்கு இது பெரிதில்லை. ஆனால் ஒளிப்படத்தின் ஆழ்ந்த கறுப்பு தன்மீது விழும் ஒளியில் சில விழுக்காட்டையே திருப்பி அனுப்புவதால், அதைவிட மிகுதியான ஒளி கண்ணாடியிலிருந்து கண்ணுக்கு வந்தால் கறுப்பு சாம்பலாகி, நிழற்பகுதியின் நுணுக்கம் முழுவதும் மறைந்துவிடும். பிரதிபலிப்பை ஒரு விழுக்காட்டுக்கும் கீழே குறைக்கும் பூச்சுள்ள கண்ணாடிகள் கிடைக்கின்றன, விலை மிகுதி. விளக்கைச் சரியான இடத்தில் வைத்தால் அந்தச் செலவில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

விளக்கிலிருந்து படத்தின் நடுவுக்கு வரும் ஒளிக்கற்றை செங்குத்துக் கோட்டோடு 30 பாகைக் கோணம் அமைக்க வேண்டும் என்பது காட்சிக்கூட ஒளியூட்டலில் பரவலாகப் பயன்படும் விதி. ஏனாத்தூர் மண்டபத்தின் கூரை 3.3 மீட்டரிலும் படத்தின் நடு 1.5 மீட்டரிலும் இருப்பதாகக் கொண்டால், செங்குத்துத் தொலைவு 1.8 மீட்டர், அதை 30 பாகையின் டேன் மதிப்பால் பெருக்க, சுவரிலிருந்து ஏறத்தாழ 1.04 மீட்டர் தள்ளி விளக்குத் தடம் அமைய வேண்டும் எனத் தெரிகிறது. விளக்கின் பிம்பம் சுவருக்குப் பின்னால் அதே 1.04 மீட்டரில் இருப்பதுபோலத் தோன்றும், 1.5 மீட்டர் தொலைவில் நிற்பவரின் கண்ணிலிருந்து அந்தப் பிம்பத்துக்கு வரையும் கோடு சுவரை ஏறத்தாழ 2.56 மீட்டர் உயரத்தில் வெட்டுகிறது, அதாவது படத்துக்கு வெகு மேலே வெற்றுச் சுவரில். எழுத்தை நுணுகிப் பார்க்க அவர் அரை மீட்டர்வரை நெருங்கினாலும் பளபளப்பு 2 மீட்டருக்கு மேலேயே நிற்கும். மாறாக விளக்கை 3 மீட்டர் தள்ளி, மண்டபத்தின் நடுவில் தொங்கவிட்டால், நெருங்கி நிற்பவருக்கு அது 1.76 மீட்டரில், 60 சென்டிமீட்டர் படத்தின் மேற்பகுதிக்குள்ளேயே தெரியும். போதாக்குறைக்கு அவருடைய தலையின் நிழலும் படத்தின்மேல் விழும்.

அப்படியானால் விளக்கைச் சுவரை ஒட்டியே வைத்தால் என்ன என்ற கேள்விக்கு விடையாகக் கல்வெட்டு திரும்ப வருகிறது. கோணம் 15 பாகையாகச் சுருங்கினால் ஒளி உரசத் தொடங்கும்; மவுண்ட் அட்டையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் எழுந்து நிற்கும் சட்டவிளிம்பு 30 பாகையில் 1.7 சென்டிமீட்டர் நிழலை வீசுகிறது, 15 பாகையிலோ 3.7 சென்டிமீட்டர். ஈரக்காற்றில் தாள் சற்றே நெளிந்திருந்தால், கல்லில் எழுத்தை எழுப்பிக் காட்டிய அதே இயற்பியல் இங்கு நெளிவை எழுப்பிக் காட்டும். சுண்ணாம்புச் சுவரின் கரணைத் தடங்கள்கூடப் படத்தோடு போட்டியிடும்.

விளக்கின் தன்மை பற்றிச் சுருக்கமாகக் கூறலாம். வெள்ளை எல்.இ.டி. விளக்குகள் புற ஊதாக் கதிரை ஏறத்தாழ உமிழ்வதில்லை என்பதால் பழைய ஆலசன் விளக்குகளையும் டியூப் லைட்டுகளையும்விடப் பாதுகாப்பானவை. நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகின்றன என்பதைக் குறிக்கும் எண் 90-க்கு மேல் உள்ளவற்றையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு பக்கவிளைவு உண்டு: சில அச்சுத்தாள்களில் வெண்மைக்காகச் சேர்க்கப்படும் ஒளிர்பொருள்கள் புற ஊதாக் கதிரை உறிஞ்சி நீல ஒளியாக வெளியிடுவதன் மூலமே தாளைப் பளிச்சென்று காட்டுகின்றன, புற ஊதாக் கதிர் இல்லாத கூடத்தில் அதே தாள் சற்றே மஞ்சளாகத் தோன்றும். அச்சகத்தின் சன்னலோரத்தில் நிறத்தைச் சரிபார்த்துவிட்டுக் கூடத்தில் ஏமாறுவதைத் தவிர்க்க, மாதிரி அச்சைக் காட்சி விளக்கின்கீழ் வைத்தே பார்க்க வேண்டும்.

சன்னல் பற்றிய விதி ஒன்று இங்கு அப்படியே செல்லாது. வடக்கு நோக்கிய சன்னலில் நேர்வெயில் வராது, ஆகவே படங்களுக்கு அதுவே ஏற்றது என்பது ஐரோப்பிய ஓவியக்கூடங்களிலிருந்து வந்த அறிவுரை. காஞ்சிபுரம் ஏறத்தாழ 12.8 பாகை வட அகலாங்கில் இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்டு நடுப்பகுதிவரை நண்பகல் சூரியனே தலைக்கு வடக்கில் நிற்கிறது. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசிவரை காலையிலும் மாலையிலும் வடகிழக்கிலும் வடமேற்கிலுமாகச் சாய்ந்து வடக்குச் சன்னலுக்குள் நுழைகிறது. நண்பகல் வெயிலைச் சன்னல்மேல் நீட்டிய தளம் மறைத்துவிடும். தாழ்ந்து வரும் காலை, மாலை வெயிலை அது மறைக்காது. ஆண்டின் பாதியில் வடக்குச் சன்னலுக்கும் தட்டியோ தடித்த திரையோ தேவை.

வெளியே நண்பகல் வெளிச்சம் ஒரு லட்சம் லக்ஸை எட்டும். லக்ஸ் என்பது ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமன் ஒளி விழும் அளவு. ஒரு மெழுகுவத்தி ஒரு மீட்டர் தொலைவில் தரும் வெளிச்சம் ஏறத்தாழ அதுவே. அந்த வெயிலிலிருந்து 50 லக்ஸ் கூடத்துக்குள் நேராக நுழைபவருக்குப் படங்கள் கரிய சதுரங்களாகவே தெரியும். விழித்திரை பழக ஐந்து நிமிடமோ அதற்கு மேலோ ஆகும். கோயிலில் கோபுர வாசலைக் கடந்து, மண்டபங்கள் வழியே, படிப்படியாகக் குறையும் வெளிச்சத்தில் கருவறையை அடைபவரின் கண் ஒற்றை நெய்விளக்கில் மூலவரைக் கண்டுகொள்வதுபோல, தாழ்வாரத்தில் அறிமுகப் பலகையையும் வரைபடங்களையும் வைத்துப் பார்வையாளரைச் சற்று நேரம் நிறுத்திவைத்தால், குறைந்த ஒளியே அவருக்குப் போதுமானதாகிவிடும். காட்சி தொடங்கும் இடத்தில் விளக்கைக் கூட்டுவதைவிட, அதற்கு முந்தைய இடத்தில் வெளிச்சத்தைக் குறைப்பதே சரியான வழி.

ஈரமும் ஓதமும்

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இம்மாவட்டத்தில் காற்றின் ஒப்பீரப்பதம், அதாவது அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய உச்ச நீராவியில் எத்தனை விழுக்காடு அதில் உள்ளது என்னும் அளவு, 80-ஐத் தாண்டுவது வழக்கம். ஒளிப்படங்களுக்குப் பரிந்துரைக்கப்படுவதோ 30 முதல் 50 விழுக்காடு. ஜெலட்டின் நீரை உறிஞ்சிப் பருத்து மென்மையாகும் பொருள். அது கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தால் மழைக்காலத்தில் ஒட்டிக்கொண்டு, பின்னர் உரிக்கும்போது உருவமும் சேர்ந்து வந்துவிடும். பழைய திருமணப் படங்களைச் சட்டத்திலிருந்து எடுக்க முயன்று இழந்த குடும்பங்கள் ஏராளம். படத்தைச் சுற்றி ஓரம் கட்டும் மவுண்ட் அட்டை அழகுக்கானது என்ற எண்ணம் பரவலாக இருந்தாலும், படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே காற்றுக்கு இடம் விடுவதே அதன் முதல் வேலை. அந்த அட்டை அமிலமற்றதாகவும், ஐ.எஸ்.ஓ. 18916 என்னும் தரச்சோதனையில் ஒளிப்படத்தைக் கறைப்படுத்தாதது எனத் தேர்ந்ததாகவும் இருப்பது நல்லது. படத்தை அட்டையில் பசையால் முழுவதுமாக ஒட்டக் கூடாது. ஒளி ஊடுருவும் பாலியெஸ்டர் மூலைகளில் செருகியோ, மெல்லிய ஜப்பானியத் தாள் துண்டுகளைக் கோதுமை மாவுப் பசையால் ஒட்டித் தொங்கவிட்டோ வைத்தால், ஈரத்தில் தாள் விரியவும் சுருங்கவும் இடம் இருக்கும்.

சுவரின் ஓதம் வேறு வகைத் தொல்லை. அடித்தளத்திலிருந்து செங்கல்லின் நுண்துளைகள் வழியே ஏறும் நீர், சட்டத்தின் பின்பலகையை ஈரமாக்கி, பூஞ்சைக்கும் கறையானுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் வழி திறக்கிறது. ஜெலட்டினும் மாவுப் பசையும் இவற்றுக்கு நல்ல உணவு. சட்டத்தின் பின்புறம் நான்கு மூலைகளிலும் கார்க் அல்லது ரப்பர் துண்டுகளை ஒட்டி ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விட்டாலே காற்று ஓடும். முன்சாய்ந்த பழைய படங்கள் இதைத் தாமாகவே பெற்றிருந்தன.

குளிர்சாதனம் தீர்வுதானே எனலாம். நாள் முழுதும் ஓடினால் தீர்வு. திறப்புவிழா நேரத்தில் மட்டும் ஓடினால் தொல்லை. வெளிக்காற்று 32 பாகை செல்சியசிலும் 70 விழுக்காடு ஈரப்பதத்திலும் இருந்தால், அதன் பனிப்புள்ளி ஏறத்தாழ 26 பாகை. 22 பாகைக்குக் குளிர்ந்த கண்ணாடியின்மீது, கதவு திறந்து அந்தக் காற்று பட்டதும் நீர்த்துளிகள் படியும். ஒவ்வொரு மாலையும் நிறுத்தி ஒவ்வொரு காலையும் இயக்கும் கூடத்தில் தாள் நாள்தோறும் விரிந்து சுருங்குகிறது. மின்விசிறியோடு கூடிய, மெதுவாக மாறும் ஈரப்பதம் இதைவிடத் தேவலாம். மழை மாதங்களைத் தவிர்த்து, சனவரி முதல் மார்ச் வரை காட்சியை வைப்பது எல்லாவற்றினும் மலிவான பாதுகாப்பு.

இங்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். விழாவுக்கு முந்தைய வாரத்தில் மண்டபத்துக்கு எனாமல் பெயிண்ட் அடிப்பது நாடெங்கும் உள்ள பழக்கம். உலரும் எண்ணெய்ப் பூச்சு வெளியிடும் பெராக்சைடுகள் கறுப்பு வெள்ளைப் படத்தின் வெள்ளியைத் தாக்கி மஞ்சள், செம்மஞ்சள் புள்ளிகளை உண்டாக்குகின்றன. வண்ணம் அடிப்பதாயின் காட்சிக்குக் குறைந்தது நான்கு வாரம் முன்பே முடித்து, சன்னல்களைத் திறந்து வைக்க வேண்டும். இல்லையேல் பழைய சுவரே மேல்.

ஒளியின் கணக்கு

ஒளியால் நேரும் சேதம் வெளிச்சத்தின் அளவையும் அது விழும் நேரத்தையும் பெருக்கிய தொகையைப் பொறுத்தது. 50 லக்ஸில் 100 மணி நேரமும் 500 லக்ஸில் 10 மணி நேரமும் ஏறத்தாழ ஒரே விளைவைத் தரும். பன்னாட்டு ஒளியூட்டல் ஆணையம் 2004-இல் வெளியிட்ட 157-ஆம் அறிக்கை, அருங்காட்சியகப் பொருள்களை அவற்றின் மென்மைக்கேற்ப வகைப்படுத்தி, பெரும்பாலான ஒளிப்பட ஆவணங்களை உள்ளடக்கிய மிக மென்மையான வகைக்கு 50 லக்ஸ் வெளிச்சமும் ஆண்டுக்கு 15,000 லக்ஸ்-மணியும் எல்லை வகுத்தது. நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் 50 லக்ஸில் காட்டினால் இந்த ஒதுக்கீடு 37 நாளில் தீர்ந்துவிடும். டியூப் லைட்டுகள் தரும் 300 லக்ஸில் ஆறே நாளில். மீதமுள்ள ஆண்டு முழுவதும் படம் இருளில் இருக்க வேண்டும். அச்சு மைகளின் ஆயுளை அறிவிக்கும் சோதனைக்கூடங்கள் சில, வீட்டுச் சூழலாக 450 லக்ஸும் நாளுக்கு 12 மணி நேரமும் எனக் கொள்வதால், மைப்பெட்டியில் அச்சிடப்பட்டுள்ள ஆண்டுக்கணக்கைக் காட்சிக்கூடத்துக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அது வேறு கணக்கு.

எல்லாப் படமும் ஒரே வகையில் மங்குவதில்லை. நார்த்தாளில் அச்சிட்ட கறுப்பு வெள்ளைப் படத்தின் வெள்ளி ஒளியை நன்கு தாங்கும். 100 முதல் 200 லக்ஸ்வரை அதற்குத் தரலாம். வேதிமுறையில் உருவாகும் வண்ணப்படத்தின் மூன்று சாயங்களோ தத்தம் வேகத்தில் அழிகின்றன. 1970-களின் திருமண ஆல்பங்களில் எல்லோரும் சிவந்து காணப்படுவதற்குக் காரணம் வெயில் அன்று. அக்காலத் தாள்களில் பச்சைநீலச் சாயம் பெட்டிக்குள், இருட்டிலேயே, வெப்பத்தால் மங்கியது. ஆகவே இருளில் வைப்பது மட்டுமே பாதுகாப்பு என்று எண்ணிவிட இயலாது. வெக்கையான பரணில் இருளுக்கும் விலை உண்டு.

சேதத்தை அளக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. வெவ்வேறு வேகத்தில் மங்கும் நீலச் சாயங்கள் ஏற்றிய எட்டுக் கம்பளித் துண்டுகள் கொண்ட தர அட்டையை, பாதியை அலுமினியத் தாளால் மறைத்துப் படத்தின் அருகே வைத்தால், மறைத்த பாதியும் திறந்த பாதியும் வேறுபடத் தொடங்கும் நாளைக்கொண்டு அந்தச் சுவரில் எவ்வளவு ஒளி செலவாயிற்று என்று அறியலாம். இதைப் பள்ளி மாணவர்களே செய்து பதிவேட்டில் குறித்துவரலாம்.

ஏனாத்தூர் போன்ற ஊரில் இக்கணக்குகள் இறுதியில் ஒரு நடைமுறை முடிவைத் தருகின்றன. கல்வெட்டுப் படங்கள் எண்முறைக் கோப்பிலிருந்து புதிதாக அச்சிட்டவை என்றால், அவற்றை நிறமி மையில் அச்சிட்டு 150 லக்ஸில் தாராளமாகக் காட்டலாம். மங்கினால் மீண்டும் அச்சிடலாம். ஊர் வீடுகளில் இரவல் பெற்ற பழைய ஸ்டூடியோப் படங்களுக்கு அது பொருந்தாது, ஏனெனில் அவற்றுள் பலவற்றின் எதிர்ப்படிமம் எங்கும் இல்லை. அவற்றை நகலெடுத்து நகலையே சட்டமிட்டு மாட்டி, மூலத்தை அமிலமற்ற உறையிலிட்டு, ஓதம் ஏறாத உட்சுவரை ஒட்டிய அலமாரியின் நடுத்தட்டில் வைத்து, காட்சி முடிந்ததும் உரியவரிடம் உறையோடு திருப்பித்தர வேண்டும். நகல் என்ற குறிப்பும், மூலம் எந்த முறையில் அச்சானது என்பதும், எந்த ஆண்டு நகலெடுக்கப்பட்டது என்பதும் படத்தின் கீழுள்ள பெயரட்டையில் இடம்பெற வேண்டும்.